பூண்டுத்தோல் ஜிப்பா போட்ட அப்பாசாமி

கலியாணசுந்தரம் ஏறுகிற பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவர்களுக்குக் கொண்டாட்டம். அவர் செக்கர். காக்கிச் சட்டையும் தொப்பியுமாக ஏறி, "டிக்கெட், டிக்கெட்" என்று கையை நீட்டுவார். கண் மட்டும் ஜன்னலுக்கு வெளியே இருக்கும். சாலையோரத்தில் நன்றாகப் பழுத்த பலா இலை ஒன்று கிடந்துவிட்டால் போதும், மணியை அடித்து வண்டியை நிறுத்தி, இறங்கிப் பொறுக்கி, ஊதித் துடைத்து, தொப்பிக்குள் வைத்துக்கொண்டுதான் திரும்ப ஏறுவார். டிரைவர் ராஜரத்தினம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார். டிக்கெட் எடுக்காதவர்கள் அந்த நேரத்தில் பின்வாசல் வழியாக இறங்கிப் போய்விடுவார்கள்.

காஜா பேராங்கில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர். அதனால் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு அவருக்கே தெரியாது. நான் ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடையில் துணி கிழிக்கிறவன். நீலம் என்றால் நீலம், துவைத்த பிறகும் அது நீலமாகவே இருக்க வேண்டும் என்பது என் கட்சி. கலை, கற்பனை என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்படிப்பட்டவன் பக்கத்தில்தான் கடவுள் கலியாணசுந்தரத்தைக் குடிவைத்தார்.

பாடாங் மைதானத்தில் கூட்டம் போட்டு மெர்டேக்கா என்கிற சுதந்திரத்துக்குத் தேதி அறிவித்தார்களே, அந்த வருஷம் ஆரம்பித்தது இந்தப் பைத்தியம். யாரோ நாசி லெமாக் சோறு சாப்பிட்டுவிட்டு எறிந்த வாழையிலையில் அவருக்கு ஒரு கிளி தெரிந்ததாம். அந்தக் கிளியை வெட்டியெடுத்து அட்டையில் ஒட்டினார். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. இலை, பட்டை, நார், விதை, இறகு இவற்றை வெட்டி ஒட்டியே படம் செய்வது என்று வைராக்கியம் பிடித்துக்கொண்டது. பென்சில் கிடையாது, பிரஷ் கிடையாது, சாயம் ஒரு சொட்டுக் கிடையாது.

"மரமே எல்லாக் கலரையும் வச்சிருக்கு ஜெயபால். நாம எதுக்குக் கடையில போயி வாங்கணும்?" என்பார் என்னிடம். வாங்கினால் வெளுக்காமலாவது இருக்கும் என்று சொல்ல எனக்கு நாக்கு துடிக்கும்.

அவர் வீட்டில் அம்மிக்கு அடியில் இலை, அரிசி டின்னுக்கு அடியில் இலை, மெத்தைக்கு அடியில் இலை. மனிதர் புரண்டு படுத்தால் சருகு நொறுங்குவது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். மரவள்ளி மாவில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் சேர்த்துப் பசை காய்ச்சுவார். அந்த நாற்றம் என் சாம்பாரில் வந்து இறங்கும். அவர் மனைவி சீதா பொறுமைசாலி. ஆனால் அரிசி எடுக்கப் போகிறவள் ஒவ்வொரு தடவையும் டின்னைத் தூக்கி, அடியில் இருக்கிற இலை உடையாமல் திரும்ப வைக்க வேண்டும் என்றால் எந்தப் பொறுமையும் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

இத்தனை பாடுபட்டுச் செய்த படங்களில் ஒரு குறை இருந்தது. அது என்ன படம் என்று யாருக்கும் தெரியாது.

முதல் கிளி ஒட்டிய அன்று பச்சையாகத்தான் இருந்தது. காய்ந்ததும் பழுப்பாகிச் சுருண்டு, வாலும் மூக்கும் ஒன்றையொன்று தேடிப் போய்விட்டன. அந்த நிலையில் என்னிடம் கொண்டுவந்து, "என்னன்னு தெரியுதா?" என்று கேட்டார்.

"கருவாடு" என்றேன்.

"நல்லாப் பாருங்க."

"நல்ல கருவாடு" என்றேன்.

அதிலிருந்து பச்சை இலையைப் பறிப்பதை விட்டார். மரமே பழுக்கவைத்துக் கீழே போட்ட இலையின் நிறம்தான் நிலைக்கும் என்று கண்டுபிடித்துவிட்டாராம். அடுத்தது தேக்கு இலையும் பாக்கு மட்டையும் வைத்து நம் ஊர்க் கோட்டை வாசல். அதைக் கம்போங் செட்டியில் இருக்கும் சின்னப்பாவிடம் எடுத்துப் போனார். செட்டிகள் நம்மைப் போலச் சாமி கும்பிடுகிறவர்கள், ஆனால் வீட்டில் பேசுவது மலாய் கலந்த அவர்கள் பேச்சு. சின்னப்பா ரொம்ப மரியாதை தெரிந்த மனிதர். படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, கலியாணசுந்தரத்தின் முகத்தைப் பார்த்து, கடைசியில் தயங்கித் தயங்கி, "டுரியான்?" என்று முள்பழத்தின் பேரைச் சொன்னார்.

மூன்றாவதாக ஒட்டியது சீதாவை. தீபாவளிக்கு அவளுக்கே பரிசாகக் கொடுக்க வேண்டும் என்று ஒளித்து ஒளித்துச் செய்தார். தீபாவளிக் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தவளிடம் நீட்டினார். சீதா வெகுநேரம் பார்த்தாள்.

"யாருங்க இது? உங்க சித்தப்பாவா?"

அவர் பொத்தென்று உட்கார்ந்த சத்தம் பலகைச் சுவரைத் தாண்டி எனக்கே கேட்டது. பிறகு மெதுவாக, "நீதான்" என்றார். அன்று அவர்கள் வீட்டில் பலகாரம் சுடவில்லை. நான்தான் ஒரு தட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதற்குப் பின் சில மாதம் சீதா வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் சோற்றில் கோழி இறகு வந்ததும் திறந்தாள்.

"இந்தா பாருங்க. சொல்லிக் குடுக்காம, சாடை காட்டாம, யாராச்சும் ஒரே ஒரு ஆளு பாத்தவொடனே இது இன்னதுன்னு சொல்லட்டும். நான் அப்புறம் வாயைத் தொறக்க மாட்டேன். மெர்டேக்கா வரைக்கும் தவணை. யாரும் சொல்லலைன்னா அன்னிக்குக் காலையில அத்தனை சருகையும் கொல்லையில போட்டுக் கொளுத்திப்புடுவேன். நீங்களும் இனிமே பசையைத் தொடக் கூடாது. நாட்டுக்கு விடுதலை கெடைக்கிற அன்னிக்கு எனக்கும் கெடைக்கட்டும்!"

கலியாணசுந்தரம் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்துகொடுத்தார். நான் அன்று சாயங்காலம் அவர் வீட்டுப் பக்கம் போனபோது மனிதர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கே பாவமாகிவிட்டது.

"படம் நல்லால்லேன்னு சொல்லட்டும் ஜெயபால், பரவால்ல. என்னன்னே தெரியலேன்னா, நான் பாக்கிறது வேற யாரு கண்ணுக்குமே தெரியலேன்னு அர்த்தமாயிடுதே" என்றார். வெற்றிலையை மடித்து நீட்டினேன்.

இந்தச் சமயத்தில்தான் அப்பாசாமி வந்து மாட்டினார்.

அப்பாசாமி ஜாலான் பெண்டஹாராவில் மசாலா சாமான் கடை வைத்திருந்த பெரிய மனிதர். வழுக்கைத் தலை, புடைத்த மூக்கு, காது வரைக்கும் போகிற மீசை, எப்போதும் வெள்ளை ஜிப்பா. மெர்டேக்காவுக்குத் தன் படத்தைக் கடை முகப்பில் பெரிதாக மாட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆனால் ஆயுள் முழுக்க மிளகாய் நெடியில் இருந்ததால் அவருக்குத் தீராத தும்மல். ஸ்டூடியோக்காரர் "அசையாதீங்க" என்றதும் தும்மிவிடுவார். எடுத்த படத்திலெல்லாம் மீசைக்கு மேல் ஒரு புகைமூட்டம்தான் விழுந்தது. கலியாணசுந்தரம் போய், "நீங்க அசையலாம், தும்மலாம், ஊருக்கே போகலாம். நான் இலையில செஞ்சு தர்றேன்" என்றார். அப்பாசாமிக்கு வேறு வழியில்லை. ஊரை அசத்த வேண்டும், யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று மட்டும் சொன்னார். தன் மனைவி சிவகாமசுந்தரியிடம்கூட அவர் சொல்லவில்லை.

கலியாணசுந்தரமும் சீதாவிடம் சொல்லவில்லை. காஜா பேராங் கடைசியில் இருந்த பஸ் ஷெட்டில் ஓடாமல் நின்ற பழைய பஸ்ஸுக்குள் வைத்து வேலையை நடத்தினார். காய்ந்த பலா இலையில் முகம். பாக்கு மட்டையின் உட்புறம் வழவழப்பாக இருக்குமே, அதில் வழுக்கை. ரப்பர் விதையின் ஓட்டைச் சீவிக் கண். ஜாதிக்காய் ஓட்டில் மூக்கு. எங்கிருந்தோ கிடைத்த கறுப்பு நாரில் மீசை. வெள்ளை ஜிப்பாவுக்கு என்ன செய்வது என்று பல நாள் தவித்து, கடைசியில் அப்பாசாமி கடைத் தரையிலேயே பெருக்கித் தள்ளுகிற பூண்டுத்தோலை அள்ளிவந்து அடுக்கடுக்காக ஒட்டினார். சலவைக்குப் போட்டுவந்த ஜிப்பா தோற்றுவிடும். இதை நான் சொல்கிறேன், துணி தெரிந்தவன்.

மெர்டேக்காவுக்கு முதல் நாள் காலை. படத்தைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டிய நாள். சீதா பலகாரம் சுட புக்கிட் காதிலில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். கலியாணசுந்தரம் ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தால், மழை ஈரத்தில் கழுத்தைச் சுற்றியிருந்த பூண்டுத்தோல் மொத்தமும் உரிந்து கீழே கிடக்கிறது. தலை தனி, உடம்பு தனி, நடுவில் வெறும் அட்டை. புதுத் தோல் ஒட்டிக் காயவைக்க நேரமில்லை. கையில் இருந்தது உலர்ந்த செவ்வந்திப் பூவும் துளசியும்தான். கழுத்திலிருந்து மார்பு வரைக்கும் இரண்டு பக்கமும் இறங்குகிற மாதிரி வரிசையாக ஒட்டினார். ஓட்டை மறைந்தது. அழகாகவும் இருந்தது.

உயிரோடு இருக்கிற மனிதன் கழுத்தில் மாலை விழுந்தால் அது மரியாதை. படத்தில் இருக்கிற மனிதன் கழுத்தில் விழுந்தால் அடுத்தது கருமாதிச் சாப்பாடு. இது நம்மில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். கலியாணசுந்தரத்துக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அவர் கண்ணுக்கு ஓட்டை தெரிந்தது, ஓட்டையை மூடுகிற பூ தெரிந்தது, அவ்வளவுதான்.

பூவில் பசை ஈரமாக இருந்ததால் படத்தை மூட முடியவில்லை, படுக்கவைக்கவும் முடியவில்லை. பெச்சா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஒன்றைப் பிடித்து, அதன் ஆசனத்தில் படத்தை நிமிர்த்தி உட்காரவைத்தார். விசேஷமான நாள் என்று வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் போட்டிருந்தார். செருப்பு வார் அறுந்துவிட்டதால் வெறுங்கால். படம் குலுங்கக் கூடாது என்பதற்காகப் பெச்சாக்காரரை மெதுவாக, மிக மெதுவாக மிதிக்கச் சொல்லி, பக்கத்தில் ஒரு கையால் தாங்கியபடி நடந்தார். இதற்கு மேல் ஒரு சவ ஊர்வலத்துக்கு என்ன வேண்டும்?

கம்போங் செட்டி வாசலில் சின்னப்பாவின் மனைவி தெய்வானை துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பெச்சாவைப் பார்த்தாள். கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"அடோய்! அப்பாசாமி கா?" என்றாள்.

கலியாணசுந்தரம் நின்றுவிட்டார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, சாடை காட்டவில்லை. பார்த்த உடனே ஒரு ஆள் பேரைச் சொல்லிவிட்டாள். இத்தனை நாள் பட்ட அவமானமெல்லாம் அந்த நிமிஷத்தில் தீர்ந்தது. கண்ணீர் பொலபொலவென்று கொட்ட, தலையை மட்டும் ஆட்டினார்.

"காசியான்!" என்றாள் தெய்வானை. ஐயோ பாவம் என்று அவர்கள் சொல்வது அப்படித்தான். அதைத் தனக்குச் சொன்ன ஆறுதலாக எடுத்துக்கொண்டு கலியாணசுந்தரம் கும்பிட்டுவிட்டு நடந்தார். அவள் உள்ளே ஓடிப் புருஷனிடம் சொன்னாள். சின்னப்பா சைக்கிளை எடுத்தார்.

அடுத்த தெருவில் ஒருவர் "அப்பாசாமியா!" என்று தலையில் கைவைத்தார். கலியாணசுந்தரத்துக்கு இன்னும் அழுகை. கோயில் முனையில் பூக்காரி "அப்பாசாமி முதலாளி!" என்று அலறினாள். அவர் விம்மினார். ஒவ்வொரு முனையிலும் இரண்டு பேர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் சேர்ந்தார்கள். பின்னால் திரும்பிப் பார்த்த கலியாணசுந்தரம், தன் கலைக்கு இப்படி ஒரு கூட்டமா என்று பூரித்துப்போனாராம். இதை அவரே பிற்பாடு என்னிடம் சொன்னார். சொல்ல வெட்கமில்லை அவருக்கு.

நான் கடை வாசலில் சேலை ஒன்றைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். எதிர்ச்சாரியில் பெச்சா வருகிறது. அந்த வழுக்கை, அந்த மூக்கு, அந்த மீசை, கழுத்தில் மாலை. "ஐயோ, அப்பாசாமி அண்ணே!" என்று நானும் தெருவில் இறங்கிவிட்டேன். இலையென்றோ மட்டையென்றோ எனக்குத் தோன்றவே இல்லை.

சின்னப்பா முன்னாலேயே வந்து சொல்லியிருந்ததால் அப்பாசாமி கடையில் பாதிப் பலகை அடைத்தாகிவிட்டது. சிவகாமசுந்தரி வாசல்படியில் உட்கார்ந்து, "இப்பத்தானே தோசையைத் தின்னுட்டு சவரம் பண்ணிக்கப் போனாரு! போன மனுசன் படமா வந்துட்டாரே!" என்று மாரில் அடித்துக்கொண்டாள். படத்தை நாற்காலியில் வைத்தார்கள். யாரோ விளக்கேற்றினார்கள், யாரோ சாம்பிராணி போட்டார்கள்.

விளக்கைப் பார்த்ததும்தான் கலியாணசுந்தரத்துக்கு உறைத்தது. முகம் வெளுத்துப்போய் என் கையைப் பிடித்தார்.

"ஜெயபால், அவரு சாகல."

"அப்படித்தான் இருக்கும், முதல்ல மனசு ஒத்துக்காது" என்று முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"இல்லீங்க, இது நான் ஒட்டின படம்!"

"நீங்க ஒட்டினது எதையாச்சும் எங்களால கண்டுபிடிக்க முடிஞ்சிருக்கு? உட்காருங்க, யாராச்சும் இவருக்குக் கொஞ்சம் காப்பி குடுங்க" என்றேன். நான்கு பேர் சேர்ந்து அவரைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

அந்த நேரத்தில் ராஜரத்தினம் ஓட்டிவந்த பஸ் வந்து நின்றது. சேதி புக்கிட் காதில் வரைக்கும் போயிருக்கிறது. அதிலிருந்து சீதா இறங்கி, தலைவிரிகோலமாக ஓடிவந்து படத்தின் முன்னால் விழுந்தாள். அப்பாசாமிக்கு அவளைக் கூடப்பிறந்த தங்கை மாதிரி. அவள் கடைக்குப் போனால் கறிவேப்பிலை கேட்காமலேயே விழும்.

"அண்ணே! மவராசன் மாதிரி இருந்தியே அண்ணே!"

கலியாணசுந்தரம் எங்கள் கையை உதறிக்கொண்டு எழுந்தார். சாவும் மறந்துவிட்டது, விளக்கும் மறந்துவிட்டது. மனைவியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "சீதா, இது யாருன்னு தெரியுதா?" என்றார்.

"இதுகூடவா தெரியாது? அப்பாசாமி அண்ணன்!"

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"எத்தனை தடவ பாக்கிறது? அண்ணன் மூக்கு, அண்ணன் மீசை..." என்று அவள் கேவினாள்.

கலியாணசுந்தரம் சிரித்தார். சத்தம் போட்டு, தொடையைத் தட்டிச் சிரித்தார். சாவு வீட்டில் இப்படி ஒருவன் சிரித்தால் என்ன நடக்கும்? நான் உட்பட நாலைந்து பேர் அவரை அடிக்கவே எழுந்துவிட்டோம். அப்போது கூட்டத்துக்குப் பின்னால் ஒரு தும்மல் கேட்டது.

ஜாலான் பெண்டஹாராவில் அந்தத் தும்மலைத் தெரியாதவர்கள் கிடையாது. எல்லோரும் திரும்பினோம். ஒரு கன்னத்தில் சோப்பு நுரை, கழுத்தில் சவரக்கடைத் துண்டு, அப்பாசாமி நிற்கிறார்.

"யாருய்யா செத்தது?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவர் படத்தைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், படத்தில் தன் கழுத்தில் கிடந்த மாலையைப் பார்த்தார். பிறகு அவர் பேசியதை எழுத முடியாது. சிவகாமசுந்தரி மயங்கி விழுந்தாள். எழுந்து அவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் விழுந்தாள். கலியாணசுந்தரம் பூண்டுத்தோல் உரிந்த கதையைச் சொல்லி முடிப்பதற்குள் அப்பாசாமிக்கு மீசை துடித்தது.

"கிழிச்சு எறிங்கடா இதை! இது நானா? யாராச்சும் சொல்லுங்க, இது என்னைய மாதிரியா இருக்கு?"

அத்தனை பேர் கண்ணும் சிவந்து கிடந்தது. நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பாசாமி சீதாவைப் பிடித்துக்கொண்டார். "நீ சொல்லும்மா. உன் வீட்டுக்காரன் ஒட்டுறது ஒண்ணும் வெளங்காதுன்னு கடைக்கு வரும்போதெல்லாம் நீதானே சொல்லுவே? இது நான் இல்லேன்னு சொல்லு, இப்பவே அடுப்புல போட்டுடறேன்."

சீதா முகத்தைத் துடைத்துக்கொண்டு படத்தின் அருகே போனாள். ஆமாம் என்றால் ஆயுசுக்கும் அம்மிக்கு அடியில் இலைதான். இல்லை என்றால் நாளைக் காலை கொல்லையில் நெருப்பு, கலியாணசுந்தரம் அதன் பிறகு வெறும் டிக்கெட் செக்கர். அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், பலகைச் சுவர் புண்ணியத்தில் எனக்கும் தெரியும்.

அவள் பூண்டுத்தோலை விரலால் தொட்டாள். மீசையைத் தொட்டாள். "இது எம் புது வெளக்குமாறுல்ல?" என்று முணுமுணுத்தாள். கலியாணசுந்தரம் தலையைக் குனிந்துகொண்டார். அவள் படத்தின் முகத்தைப் பார்த்தாள். கண்ணில் மறுபடியும் நீர் கட்டிவிட்டது.

"நான் அழுதுட்டேனேண்ணே" என்றாள் சீதா. "இனிமே எப்படி இல்லேன்னு சொல்றது?"

அப்பாசாமி கன்னத்து நுரையைத் துண்டால் துடைத்தார்.

"மொதல்ல அந்த மாலையைப் பிச்சு எடுங்கய்யா" என்றார்.

கலியாணசுந்தரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பூக்களை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தார். படம் சாயாமல் சீதா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.